எலைஜா வெளியே நடந்த சனிக்கிழமை

வில்லரே, மொன்றியல்
ஓகஸ்ட், ஞாயிறு காலை

அன்பு மகள் ஆர்த்திகாவுக்கு,

சுகமாக இருக்கிறேன் என்று நீ போனில் சொன்ன குரலை நம்பித்தான் இதைத் தொடங்குகிறேன். வன்கூவரில் காட்டுத்தீப் புகை குறைந்ததா. யன்னலைத் திறந்து வைத்துப் படுக்காதே. நாங்கள் இருவரும் இங்கே சுகம் என்றுதான் எழுத வேண்டும், அப்படியே எழுதுகிறேன். எனக்கு முழங்கால் படியில் மட்டும் நோகிறது. அப்பாவின் பிரஷர் குளிசையை டொக்டர் மாற்றியிருக்கிறார். கோடை என்பதால் வீட்டில் நான் பார்க்கிற பிள்ளைகள் குறைவு, அவர்கள் உறங்குகிற மத்தியானத்தில் வீடு தண்ணீருக்குள் இருப்பது போல இருக்கிறது. நீ என்னிடம் இரண்டு விஷயம் கேட்டாய். அப்பா ஏன் போனுக்கு வருவதில்லை என்பது ஒன்று. மற்றது, நீ முன்பு இங்கே வேலை செய்த படத்தின் இயக்குநர் உனக்கு எழுதியது பற்றி. செலீனிடம் ஒரு வார்த்தை பேசி அந்த ஒரு காட்சிக்குச் சம்மதம் வாங்கித் தந்தால் அடுத்த படத்தில் உன்னை முதலாவது உதவி இயக்குநராக எடுக்கிறேன், மொன்றியலுக்கே திரும்பி வரலாம் என்று அவர் எழுதியிருக்கிறார் என்றாய். என்ன பதில் எழுத என்று கேட்டாய். உன் இரண்டு கேள்விக்கும் பதில் ஒன்றுதான். போனில் சொன்னால் அழுதுவிடுவேன், அழுதால் விஷயம் வேறாகிவிடும். அதனால் கடிதம். படித்து முடித்த பிறகு அவருக்குப் பதில் எழுது.

உனக்குத் தெரிந்ததையும் எழுதுகிறேன், தெரியாததற்கு வர அதுதான் வழி. செலீனை இந்த வீட்டுக்குக் கூட்டிவந்தவள் நீ. மாசியில், பனி கொட்டிக்கொண்டிருந்த ஒரு பின்னேரம். இவள் எங்கள் படத்தின் கதாநாயகி, படப்பிடிப்பு முடியும்வரை இவளுடைய பிள்ளையைப் பகலில் பார்த்துக்கொள்வீர்களா என்று கேட்டாய். அவளை நான் அடையாளம் கண்டேன். ஜறி மெற்றோவுக்கு முன்னால் பஸ் தரிப்பிடத்துக் கண்ணாடியில் அவளுடைய முந்திய படத்தின் விளம்பரம் இருந்தது. ஆளை விடப் பெரிய முகம். அந்த முகத்துக்குக் கீழே நின்றுதான் நான் ஒவ்வொரு நாளும் பஸ்ஸுக்குக் காத்திருந்தேன். வாசலில் நின்றவளோ சின்னவள், குளிரில் மூக்குச் சிவந்து, கோட்டுக்குள் ஒரு பிள்ளையை வைத்துக்கொண்டு, சப்பாத்தைக் கழற்றவா என்று பிரெஞ்சில் கேட்டாள். பிள்ளையை என் கையில் தந்துவிட்டு அவள் ஒன்றே ஒன்றுதான் சொன்னாள். வீட்டுக்குள் இவன் தவழட்டும், நடக்கட்டும். வெளியில் மட்டும் இவனுடைய கால் நிலத்தில் படக்கூடாது, தூக்கிக்கொண்டு போங்கள். வடக்கே இருக்கிற அவளுடைய கிறீ ஆதிக்குடி மக்களிடம் அப்படி ஒரு வழக்கம். பிள்ளை நடக்கப் பழகியதும், காட்டுவாத்துகள் வடக்கே திரும்புகிற வசந்தத்தில் ஒரு விடியற்காலை, கூடாரத்தின் கிழக்கு வாசலால் அதை முதன்முதலாக வெளியே நடக்க விடுவார்கள். ஊசியிலைக் கொப்புகள் பரப்பிய பாதை. பெரியவர் ஒருவர் பின்னால் வருவார். ஒரு மரம்வரை போய்த் திரும்ப வேண்டும். அதற்குப் பிறகுதான் வெளியுலகம் அந்தப் பிள்ளைக்கு. எலைஜாவுக்குப் பின்னால் நடக்க அவளுடைய அப்பா ஊரில் காத்திருந்தார். உன் அப்பா இதைக் கேட்டுவிட்டு, பிறந்த முப்பத்தொண்டு கழியாமல் நாங்களும் பிள்ளையை வெளியிலை கொண்டுபோறேல்லைத்தானே என்றார். அவருக்கு அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை. அன்றிலிருந்து பூங்காவுக்கு மற்றப் பிள்ளைகள் ஓட, எலைஜா அப்பாவின் தோளில் இருந்தான். நான் இறக்கி வண்டிலில் வைக்கச் சொன்னாலும் கேட்க மாட்டார். காலை உதறிக்கொண்டு அழுவான். அழுதாலும் இறக்க மாட்டார்.

செலீன் மாலையில் வந்தால் உடனே போக மாட்டாள். குசினிக் கதிரையில் காலை மடித்து இருந்து தேத்தண்ணி குடிப்பாள். படப்பிடிப்பில்லாத நாள் இரண்டு சேர்ந்தால் பிள்ளையையும் ஏற்றிக்கொண்டு ஒன்பது மணித்தியாலம் வடக்கே கார் ஓட்டிப் போய்விடுவாள். அங்கே ஒருவரும் அவளிடம் கையெழுத்துக் கேட்பதில்லையாம். வாத்துக்கு இறகு பிடுங்கச் சொல்லுவார்களாம். அவளுடைய சித்தப்பா ஒருவர், நீ படத்திலை வாற கிழவி மாதிரிக் கதைக்கிறாய், ஆக்கள் கதைக்கிற மாதிரிக் கதை என்று பகிடி பண்ணுவாராம். ஒரு படத்தில் உன் மொழியில் எதையாவது சொல்லி அழு, என்ன சொன்னாலும் பரவாயில்லை என்று சொல்லியிருக்கிறார்கள். அவளுக்கு ஒன்றும் வரவில்லை. வாத்து கருகிப்போச்சு, வாத்து கருகிப்போச்சு என்று சொல்லி அழுதிருக்கிறாள். நகரத்துத் தியேட்டர்களில் சனம் கண்ணைத் துடைத்தது. ஊரில் அதே இடத்தில் எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்களாம். இன்றைக்கும் கடைக்குப் போனால் வாத்தைக் கவனமாய்ப் பார் என்கிறார்களாம். இதைச் சொல்லிச் சிரித்தவள் சிரித்து முடியும்போது வேறு எங்கோ பார்த்துக்கொண்டிருந்தாள். தன்னுடைய அப்பா மட்டும் தன் படம் ஒன்றையும் முழுதாகப் பார்த்ததில்லை என்றாள். அவளுடைய முதல் படத்தில் அவள் செத்துப்போகிறாள். மகள் சாவதைப் பார்க்க மாட்டேன் என்று எழும்பிப் போனவர் அதற்குப் பிறகு எந்தப் படத்துக்கும் போகவில்லை. அவருக்கு நுரையீரலில் நோய் என்பதையும் அன்றைக்குத்தான் சொன்னாள். எலைஜாவின் நடைக்காக அவர் மூச்சைச் சேர்த்து வைத்திருக்கிறார் என்றாள். வைகாசியில் ஒரு சனிக்கிழமையைப் படக்குழுவிடம் கேட்டு வாங்கி அவளுக்குக் கொடுத்தவள் நீ. அதை அவள் மறக்கவில்லை. நீ அந்தச் சனிக்கிழமையை வாங்கிக் கொடுத்துவிட்டு, பெரிய வேலை கிடைத்து வன்கூவருக்குப் போனாய். போனது சரிதான். நீ இருந்திருந்தால் என்று நான் நினைக்கவில்லை என்று எழுத வந்தேன். நினைத்தேன். ஒருதரம்.

வைகாசி முழுக்க மழை. சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூவில் ஆற்றோரக் காட்டுக்குள் போட்டிருந்த செற்றுக்குள் தண்ணீர் வந்துவிட்டது. நாட்கள் தள்ளிப் போயின. உனக்குப் பதிலாக வந்த பெண் அட்டவணையைக் கலைத்துப் போட்டாள், செலீனுடைய சனிக்கிழமையும் அதோடு போனது. அடுத்த கிழமை போகலாம் என்றார்கள். ஊரில் கூடாரம் போட்டாயிற்று. அவளுடைய அப்பா, வேட்டைக்காரனைப் போலப் பையன் கையில் பிடித்துக்கொண்டு நடப்பதற்குச் சின்ன மரத்துவக்கு ஒன்று செதுக்கி முடித்துவிட்டார். அடுத்த கிழமை என்பது எல்லாருக்கும் ஒரே நீளம் இல்லை. அந்தச் சனிக்கிழமையில் எடுக்க வந்து விழுந்த காட்சி எது என்று நீ ஊகித்திருப்பாய். படத்தில் அவளுடைய பிள்ளையின் முதல் நடை. தன் பிள்ளையின் சடங்கு நடக்க வேண்டிய நாளில், யாரோ பெற்ற இரட்டைப் பிள்ளைகளை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டு அவள் அதை நடிக்க வேண்டும். எலைஜாவைத் தா என்று இயக்குநர் பல தடவை கேட்டிருந்தார். அவன் ஒருதரம்தான் நடப்பான் என்று சொல்லி மறுத்துவிட்டாள்.

வெள்ளிக்கிழமை அவள் போன் எடுத்தபோது நான் பிள்ளைகளுக்குச் சாப்பாடு தீத்திக்கொண்டிருந்தேன். லொங்குய்யில் இரவுக் காவல் முடித்துவந்து படுத்தெழும்பிய அப்பாதான் எடுத்தார். அந்தக் கிழமை செலீன் படப்பிடிப்பு இடத்திலேயே தங்கி வேலை செய்தாள், பிள்ளை இரவிலும் எங்களோடு. நாளைக்கு எல்லாரும் சென்ட்-ஆனில் நிற்கிறோம், எலைஜாவைக் காணாமல் இருக்க முடியவில்லை, மத்தியானம் கொண்டுவாருங்கள் என்று சொல்லியிருக்கிறாள். அவ்வளவுதான். சடங்கு தள்ளிப்போனது எனக்குத் தெரியும், அவருக்குத் தெரியாது என்பது எனக்குத் தெரியாது. அவர் இரவில் வேலை, நான் பகலில். வாசலில் சாவியை மாற்றிக்கொள்கிற ஆட்கள் எவ்வளவு கதைக்க முடியும். அவர் தன் மனதுக்குள் கணக்குப் போட்டிருக்கிறார். சனிக்கிழமை என்று முதலே சொன்னது. செலீனால் ஊருக்குப் போக முடியவில்லை. ஆகவே ஊர் இங்கே வந்திருக்கிறது. இதில் அவருக்கு ஒரு புதினமும் இல்லை. நாங்கள் முகூர்த்தத்தைச் சனி ஞாயிறுக்கு இழுக்கிற ஆட்கள். லீவு கிடைக்காத மாப்பிள்ளைக்காகக் கலியாணத்தை நாடு விட்டு நாடு கொண்டுபோகிற ஆட்கள். உன்னுடைய சாமத்தியச் சடங்கையே ஹோல் கிடைக்கவில்லை என்று மூன்று மாதம் தள்ளி வைத்தோம், நீ கூடச் சிரித்தாய். காலையில் அவர் நல்ல சேட்டுப் போட்டிருந்தார். படப்பிடிப்புப் பார்க்கப் போகிற ஆசை என்று நினைத்தேன். செலீனின் அம்மா தைத்து அனுப்பிய தோல் சப்பாத்து அலுமாரியில் இருந்தது, மணி கோத்துப் பூப்போட்டது, சடங்குக்கென்று வைத்தது. அதை அவர் பிள்ளைக்குப் போட்டுவிட்டதை, மேலே போர்வை இருந்ததால், நான் காணவில்லை.

அங்கே போய் இறங்கிப் பாதி வழி நடந்த பிறகு பால் போத்தலைக் காரில் விட்டது நினைவு வந்தது. நான் திரும்பினேன். அப்பா பிள்ளையோடு முன்னால் போனார். மிச்சத்தை எனக்கு மிதுசன் சொன்னான். உனக்குத் தெரியும் அவனை, அங்கே கமராப் பிரிவில் நிற்கிற எங்கள் பொடியன். அப்பா மரங்களைத் தாண்டிப் போய்ப் பார்த்தபோது கூடாரம் நின்றது. கொப்புகள் பரப்பியிருந்தது. சடங்குக்கு உடுத்திய சனம் இரண்டு பக்கமும் பேசாமல் நின்றது. ஒரு முதியவர் கூடார வாசலில் இருந்தார். நீ கேட்பாய், கமராக்களை அவர் காணவில்லையா என்று. கண்டார். எங்களுடைய எந்தச் சடங்கில் கமரா இல்லை. விளக்கும் தண்டவாளமும் வைத்து, கொஞ்சம் இந்தப் பக்கம் பாருங்கோ என்று ஐயரையே மறிக்கிறார்கள். உன் அப்பப்பா யாழ்ப்பாணத்தில் செத்தபோது, அகதி வழக்கு முடியாமல் இவரால் போக முடியவில்லை. செத்தவீட்டை வீடியோக் கசெற்றில்தான் பார்த்தார். கொள்ளி வைத்தது ஒன்றுவிட்ட தம்பி. கமராவுக்கு முன்னால் நடப்பது பொய்யாக இருக்கலாம் என்று அவருக்கு ஒருநாளும் தோன்றியதில்லை. வாசலில் இருந்தவரைச் செலீனின் அப்பா என்று நினைத்தார். கையில் ஒரு பையில் பொன்னாடை கொண்டுபோயிருந்தார், எனக்குத் தெரியாமல் வாங்கியது. அதை விரித்து அந்த மனிதரின் தோளில் போட்டுக் கும்பிட்டார். அவர் ஒரு நடிகர், வேறொரு இனத்தவர், இந்த நகரத்திலேயே இருக்கிறவர். தலையை மெல்ல ஆட்டி ஏற்றுக்கொண்டார். பிறகு அப்பா பிள்ளையைக் கூடாரத்துக்குள் கொண்டுபோய், வாசலில் இறக்கி, கையை விட்டார்.

ஒருவரும் தடுக்கவில்லை. இயக்குநர் இவ்வளவு நாளும் கெஞ்சியது எல்லாருக்கும் தெரியும், செலீன் கடைசியில் சம்மதித்துவிட்டாள் என்று நினைத்தார்கள். இரட்டைப் பிள்ளைகள் இரண்டும் காலை முழுக்க அழுதுகொண்டிருந்தன, ஒன்றும் நடக்கவில்லை. கமராவை ஓட விட்டார்கள். நான் போத்தலோடு திரும்பி வந்தது அந்த நேரம். எலைஜா நடந்துகொண்டிருந்தான். கொப்புகளின் மேல், கையை இரண்டு பக்கமும் விரித்து, வயது பழுத்த ஒரு ஆளைப் போல, அவசரமில்லாமல். பின்னால் அப்பா, நல்ல சேட்டோடு, கையைக் கட்டிக்கொண்டு. தூரத்தில் அந்த மரத்தடியில் செலீன் எங்களுக்கு முதுகு காட்டி நின்று உடுப்புச் சரிசெய்துகொண்டிருந்தாள். சத்தம் அடங்கியதைக் கேட்டுத் திரும்பினாள். நான் அவளுடைய முகத்தைப் பார்த்தேன், அதை எழுத எனக்குத் தெரியாது. அவள் கத்தவில்லை. ஓடிவந்து தூக்கவில்லை. கத்தினால் பிள்ளை விழுந்துவிடும் என்று நினைத்தாளோ, தொடங்கிய நடையை வெட்டக் கூடாது என்று நினைத்தாளோ. முழந்தாளிட்டுக் கையை நீட்டினாள். அவன் அவளிடம் போய்ச் சேரும்வரை அப்படியே இருந்தாள். கண்ணீர் ஓடியது. அதை எல்லாம் எடுத்தார்கள். இயக்குநர் கையை வாயில் வைத்துக்கொண்டு நின்றார், அவரும் அழுதார். பிறகு எல்லாரும் கை தட்டினார்கள். அந்தக் கைதட்டலில்தான் அப்பாவுக்கு எதுவோ பிழை என்று விளங்கியிருக்க வேண்டும், சடங்கில் யாரும் அப்படித் தட்டுவதில்லை. செலீன் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அவருக்குக் கிட்ட வந்து, என்ன செய்துபோட்டியள் என்று கேட்டாள். கோபம் இல்லாத குரல். அப்பாவுக்குப் பிரெஞ்சு வரவில்லை. தமிழிலேயே சொன்னார்.

“இண்டைக்குத்தானே பிள்ளை சொன்னனீங்கள்.”

நான் மொழிபெயர்க்கவில்லை. அவளுக்கு அது தேவையும் இல்லை. நீ கேள்விப்பட்டாயே, யாரோ ஒரு தமிழ்க் கிழவர் செற்றுக்குள் புகுந்து குழப்பினார் என்று, அந்தக் கிழவர் உன் அப்பா. குழப்பம் ஒன்றும் இல்லை, மகள். எல்லாம் மிக ஒழுங்காக நடந்தது. அந்த நடிகர் போகும்போது பொன்னாடையை மடித்துக் கொண்டுவந்து என்னிடம் நீட்டினார். பிறகு நீட்டிய கையை மடக்கி, இதை நான் வைத்துக்கொள்ளட்டுமா என்று கேட்டார். வைத்துக்கொள்ளச் சொன்னேன்.

அன்று பின்னேரம் செலீன் எங்களுடைய குசினியில் இருந்துதான் ஊரில் தன் அப்பாவுக்குப் போன் எடுத்தாள். அவளுடைய மொழி எங்களுக்கு விளங்காது. ஆனால் எங்கே சொல்லத் தொடங்கினாள், எங்கே சொல்லி முடித்தாள் என்பது தெரிந்தது. மறுபக்கத்தில் மூச்சு இழுக்கிற சத்தம் எங்களுக்கும் கேட்டது. பிறகு அவர் கேட்டவற்றை அவள் எங்களுக்குச் சொன்னாள். விழுந்தானா என்று கேட்டாராம். இல்லை என்றாளாம். யாரிடம் நடந்து போனான். என்னிடம். அதன்பிறகு அவள் கெஞ்சியிருக்கிறாள், அது நடக்காதது போல வைத்துக்கொள்வோம், நீங்கள் மறுபடி செய்யுங்கள் என்று. பிள்ளைக்குப் பொய் சொல்லக் கூடாது என்றாராம் அவர். நடந்தவன் நடந்தவன்தான். ஏசவில்லை, சாபம் போடவில்லை. “அப்ப எனக்குத் தவறிப்போச்சு” என்றாராம். உன் அப்பா குசினி வாசலில் நின்று இதைக் கேட்டார். பிறகு போய்ச் சேட்டை மாற்றினார்.

திங்கட்கிழமை விடுமுறை. ஞாயிறு விடியப் போவதென்று செலீன் எழும்பினாள், கண் திறக்க முடியாத களைப்பு அவளுக்கு. கார் சாவியை அப்பா வாங்கினார். நாங்கள் இருவரும் அவளோடு போனோம். இதை நாங்கள் உனக்குச் சொல்லவில்லை. போகமுதல் மிதுசன் வீட்டுக்கு வந்து, கமராத் திரையில் ஓடியதைத் தன் போனில் எடுத்து வைத்திருந்ததைச் செலீனுக்கு அனுப்பிவிட்டுப் போனான். அப்படி எடுப்பது குற்றம், தெரிந்தால் வேலை போகும். அக்கா, உங்கடை அப்பா பாக்கட்டும் என்று மட்டும் அவளிடம் சொன்னான். வழி முழுக்கக் காடு. மணிக்கணக்காக ஒரு வீடும் இல்லை. ஊர் ஏரிக்கரையில் இருக்கிறது, எங்கள் வீட்டைப் போன்ற சாதாரண வீடுகள், முன்னால் கூடாரம் இன்னும் பிரிக்காமல் நின்றது. கொப்புகள் வாடியிருந்தன. செலீனின் அப்பா மூக்கில் குழாயோடு கட்டிலில் சாய்ந்திருந்தார். நான் நினைத்ததை விட இளமையான முகம். மகளுடைய படம் எதையும் பார்க்காதவர் போனைக் கையில் வாங்கிக் கிட்டப் பிடித்துப் பார்த்தார். முடிந்ததும் திரும்பப் போடச் சொன்னார். அப்படிப் பல தடவை. மகள் திரும்பிப் பார்க்கிற இடத்தில் ஒவ்வொரு தடவையும் அவருடைய கீழுதடு அசைந்தது. பிறகு திரையில் விரலை வைத்து, பின்னால் வருகிற இந்த ஆள் எங்கே என்று கேட்டார். அப்பா வெளியே படியில் நின்றுகொண்டிருந்தார். உள்ளே வரச் சொன்னோம். கட்டிலுக்குக் கிட்ட வந்து நின்றார், தலையைக் குனிந்துகொண்டு. அந்த மனிதர் அவரை நிதானமாகப் பார்த்தார். அவர் கிறீயில் சொன்னதைச் செலீன் பிரெஞ்சில் சொல்லத் தயங்கினாள். நீ சொல்லு பிள்ளை என்றார் அப்பா.

“நீ நிண்டது என்ரை இடம்.”

அவ்வளவுதான். மன்னிப்பும் இல்லை, குற்றச்சாட்டும் இல்லை. இவர் ஓம் என்றார். ஓம், தெரியும் என்றார். அந்த ஓம் யாரும் மொழிபெயர்க்காமலே அவருக்குப் போய்ச் சேர்ந்தது. தலையணைக்குப் பக்கத்தில் இருந்த மரத்துவக்கை எடுத்து எலைஜாவின் கையில் கொடுத்தார். அவன் அதன் முனையைக் கடித்துப் பார்த்துவிட்டுக் கீழே போட்டான். அப்பா குனிந்து எடுக்கப் போனார். வேண்டாம், அவனே எடுக்கட்டும் என்று செலீனின் அப்பா கையால் காட்டினார். எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தோம். நேரம் போனது. அவன் எடுக்கவில்லை. யன்னலால் ஏரியைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

ஆனியில் செலீனின் அப்பா செத்துப்போனார். செலீன் அப்போது ஆற்றுக்குள் நின்று நடித்துக்கொண்டிருந்தாளாம். செய்தியைச் சொன்னார்கள். இன்னொரு தடவை எடுக்க வேண்டும், வெளிச்சம் போகப்போகிறது என்று அவளே சொல்லி, எடுத்து முடித்துவிட்டுத்தான் கரையேறினாளாம். இதை இயக்குநர் எங்களிடம் பெருமையாகச் சொன்னார். அவளிடம் நான் கேட்டபோது, கரைக்குப் போனால் அழவேணும், தண்ணிக்குள்ளை நிண்டால் நடிக்கவேணும், நடிக்கிறது சுகமாயிருந்தது என்றாள். அடக்கத்துக்கு நான் போனேன். உன் அப்பா வரவில்லை. கேட்டதற்கு, ஒருக்கா அவரின்ரை இடத்திலை நிண்டிட்டன், காணும் என்றார். அன்றிலிருந்துதான் அவர் போனுக்கு வருவதில்லை. உன் மேல் ஒன்றும் இல்லை. உன்னோடு கதைத்தால் படத்தைப் பற்றி நீ கேட்பாய் என்று பயம். செலீன் குரல் பதிவுக்கு நகரத்துக்கு வரும்போது பிள்ளை எங்களோடுதான் நிற்கிறான். இப்போது அவன் எங்கும் நடப்பான். பூங்காவில் அப்பா அவனைத் தூக்குவதும் இல்லை, கையைப் பிடிப்பதும் இல்லை. இரண்டடி பின்னால் நடந்துகொண்டே இருப்பார். அவன் நின்றால் நிற்பார். முன்பு அவனோடு பாட்டுப் பாடுவார், முதுகில் யானை ஏற்றுவார். இப்போது ஒன்றும் இல்லை. இரவல் வாங்கிய இடத்தில் நிற்கிறவர் போல நிற்கிறார்.

ஆடியில் இயக்குநர் எங்களுடைய வீட்டுக்கு வந்தார். கூடாத மனிதர் இல்லை, நீ சொன்னது சரி. சப்பாத்தைக் கழற்றிவிட்டுச் சோபாவின் ஓரத்தில் இருந்தார், வடையைக் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். எலைஜாவின் நடை இல்லாவிட்டால் என் படத்துக்கு உயிர் இல்லை என்றார். அந்த வழக்கத்தை உலகமே பார்க்கும் என்றார். பிள்ளைக்காகத் தாய் சம்மதிக்காமல் அதைப் படத்தில் சேர்க்க முடியாது, அதனால்தான் இந்த அலைச்சல். செலீன் மடியில் பிள்ளையை வைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தாள். அதை என்ரை அப்பா பாத்திட்டார், இனி ஆரும் பாக்கத் தேவையில்லை என்றாள். அவர் போன பிறகு குசினியில் வந்து என்னோடு வெங்காயம் உரித்தாள். உரித்துக்கொண்டே, ஆர்த்திகா கேட்டால் மட்டும் நான் என்ன செய்யிறது என்றாள். உனக்கு அவள் கடன்பட்டிருப்பதாக நினைக்கிறாள். முதல் நாட்களில் அவளுடைய மொழியைப் பிழையாகப் பேசச் சொன்னபோது நீ ஒருத்திதான் எல்லார் முன்னாலும் எழும்பி மறித்தாயாம். இந்த வீட்டைக் காட்டித் தந்ததும் நீதான். அந்தச் சனிக்கிழமையும் நீ கொடுத்தது. அவளுக்கு உன்னிடம் இல்லை என்று சொல்ல வராது.

மகள், நீ திரும்பி வந்தால் எனக்கு வேறென்ன வேண்டும். உன்னுடைய அறையில் பிள்ளைகளின் படுக்கைகளை அடுக்கி வைத்திருக்கிறேன், ஒரு மணித்தியாலத்தில் எடுத்துவிடலாம். நீ அந்த வேலைக்கு எத்தனை வருஷம் மழையிலும் பனியிலும் நின்றாய் என்பதும் எனக்குத் தெரியும். அப்பாவிடம் இயக்குநரின் கடிதத்தைச் சொன்னேன். அவர், பிள்ளை வரட்டுமன் என்றார். பிறகு எழும்பிப் போய்த் திரும்பி வந்து, வேண்டாம் எண்டு எழுது என்றார். ஆகவே இது எங்கள் இரண்டு பேருடைய சொல். செலீனை யார் கேட்டாலும் மறுப்பாள், நீ கேட்டால் உனக்காக ஓம் என்று சொல்லிவிடுவாள். சொல்லிவிட்டு எங்களோடு முன்புபோலத்தான் இருப்பாள், அதே கதிரையில் இருந்து தேத்தண்ணி குடிப்பாள், ஒன்றும் காட்ட மாட்டாள், அவள் நடிகை. அதனால்தான் சொல்கிறேன். கேட்காதே.

மிதுசன் எடுத்ததைப் பற்றி யாரிடமும் வாய் திறக்காதே. நேரத்துக்குச் சாப்பிடு. பிள்ளையாரை நினைத்துக்கொண்டு அவருக்கு மரியாதையாகவே பதில் எழுது, கோபம் வேண்டாம். இனி ஞாயிற்றுக்கிழமையில் நீ எடுத்தால் போனை மேசையில் ஸ்பீக்கரில் வைக்கிறேன். அப்பா பக்கத்தில் இருப்பார், நீ வேலையைப் பற்றி அல்லாமல் மழையைப் பற்றி, சமையலைப் பற்றிக் கதை. அவர் பதில் சொல்லாவிட்டாலும் நிறுத்தாமல் கதை. நீ எங்கே இருந்தாலும் உன் கால் படுகிற இடம் உனக்கு நல்லதாக இருக்கட்டும் என்று எங்கள் இருவரின் ஆசீர்வாதம்.

உன் அம்மா
இந்திராதேவி உருத்திரமூர்த்தி